மாதாவின் அலுமாரி

இந்த ஊரை நடந்து காட்டும் வேலைக்கு இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள்; நான் கழன்றுகொண்டேன். முழங்கால் போதும் என்றது, நானும் மறுத்துப் பேசவில்லை. உங்களில் பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள். டொச், இந்த ஜெர்மன் மொழி, உங்கள் வாயில் தண்ணீராய் ஓடும். எந்தப் பேரரசன் எப்போது முடிசூடினான், எந்தத் தூணை எங்கிருந்து பெயர்த்து வந்தார்கள் என்பதெல்லாம் பாடமாயிருக்கும். அவற்றை நான் சொல்லித்தரப் போவதில்லை, புத்தகங்கள் இருக்கின்றன. நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலை. ஒரு தாய், அவரின் மகள், ஒரு கன்னியாஸ்திரி. மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வழிகாட்டியின் வேலை என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்த ஆஹென் நகரத்தைக் கல்லின் ஊர் என்று சொல்லித்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். எனக்கு அது துணியின் ஊர். நிலத்தடியிலிருந்து கந்தகம் மணக்கக் கொதித்துவரும் நீரில் ரோமர்கள் குளித்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதே நீரில் கம்பளி அலசினார்கள். நெய்தார்கள், சாயம் தோய்த்தார்கள், தைக்க ஊசியும் தாங்களே செய்தார்கள். பேராலயத்தின் பெட்டகத்தைத் திறந்தால் உள்ளே இருப்பது வாளுமல்ல, செங்கோலுமல்ல, நான்கு துணிகள். மரியாளின் அங்கி, குழந்தையைச் சுற்றிய துணி, சிலுவையில் இடுப்பில் கட்டியிருந்த துணி, யோவானின் வெட்டுண்ட தலையைப் பொதிந்த துணி. அப்படி நம்பி, ஏழு ஆண்டுக்கொருமுறை அவற்றை வெளியே எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரு துணியைத் தூரத்திலிருந்து ஒரு கணம் பார்க்க ஹங்கேரியிலிருந்து சனம் நடந்தே வந்தது. இப்படிப்பட்ட ஊரில் மழையும் நூலாய்த்தான் விழும். விழுந்துகொண்டேயிருக்கும். குடை இல்லாமல் வேலைக்கு வராதீர்கள்.

எனக்கு வந்த கூட்டங்களில் என் மனத்துக்குப் பிடித்தது கெல்சென்கிர்ச்சன் ஊரிலிருந்து எங்கள் சனத்தை ஏற்றிவரும் பேருந்து. அதைக் கூட்டிவருபவர் சவிரிமுத்து அண்ணை. கிழமை நாட்களில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவுவார். சனிக்கிழமை வந்தால் அந்தப் பேருந்துக்கு அவர்தான் ராசா. பாதிச் சனம் மன்னார், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். மீதிப் பாதி சைவர்கள். மாதா என்றால் இரண்டு பாதியும் ஒன்றாய்த்தான் இறங்கும். கையில் சோற்றுப் பார்சல், கழுத்தில் இரட்டைச் சால்வை, வாயில் கேள்வி.

ஒரு வசந்தகாலத்தில் கார்ல் பேரரசரின் சிம்மாசனத்தின் படத்தை எடுத்துக் காட்டினேன். நான்கு வெறும் சலவைக்கல் பலகைகள், கீழே சில படிகள், அவ்வளவுதான். சனம் ஏமாந்துபோய் நின்றது.

சவிரி அண்ணை படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, உதிலை இருந்தா ராசாவுக்கு மூலம் வந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க விடுங்கள். சிரிப்பு முடிந்ததும் ஒரு சிறிய அமைதி வரும். நாம் நிற்கவேண்டிய இடம் அதுதான். அந்த அமைதியில் சொன்னேன், இந்தப் பலகைகள் எருசலேமில் இருந்து, யேசுவின் கல்லறைக் கோயிலில் இருந்து வந்தவை என்று நம்புகிறார்கள், அதனால்தான் பொன் பூசவில்லை என்று. பின்வரிசையில் நின்ற ஓர் அம்மா முன்னால் வந்து, படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிலோமினா அக்காவை நான் முதலில் கவனித்தது அப்போதுதான். மன்னார்க்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். குளிருக்கு ஆண்பிள்ளைக் கோட்டு, அதன் கீழே சீலைக் கரை.

பேராலயத்துக்குள்ளே விளக்கம் சொல்ல நகர வழிகாட்டிகளான எங்களுக்கு அனுமதி இல்லை. வெளிமுற்றத்தில் சொல்லிவிட்டு உள்ளே அனுப்பவேண்டும். அதாவது நாம் கூடப் போவதில்லை. நாம் சொன்ன கதைதான் கூடப் போகும். எதைச் சொல்லி அனுப்புகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

அந்த வசந்தகாலத்தில் நான் சொல்லி அனுப்பியது மாதாவின் அலுமாரியை. உள்ளே தூணருகில் குழந்தையோடு நிற்கும் சிறிய மரச்சிலை மாதா உடுப்பு உடுத்துபவள். மரத்திலே செதுக்கிய உடுப்பல்ல, தைத்த உடுப்பு. காலத்துக்குக் காலம் மாற்றுவார்கள். ஸ்பெயின் நாட்டு இளவரசி ஒருத்தி முத்துக் கோத்த ஆடை கொடுத்தாள். இங்கிலாந்திலிருந்து மணமுடித்து வந்த கோமகள் ஒருத்தி கிரீடமே கொடுத்தாள். நூற்றாண்டு நூற்றாண்டாய்ச் சேர்ந்து, இப்போது யாழ்ப்பாணத்துக் கலியாணப் பொம்பிளைக்குக்கூட இல்லாத அளவு உடுப்பு அவளிடம் இருக்கிறது. இப்படித்தான் சொன்னேன். இன்றைக்குச் சொன்னாலும் இப்படியேதான் சொல்வேன்.

"உடுப்பு மாத்திறது ஆர்?" பிலோமினா அக்கா கேட்டார்.

"கோயிலிலை அதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம் அக்கா."

"குடுக்கிறது?"

"நேர்த்தி வைச்ச ராணியள், சீமாட்டியள். பிறகு பிறகு மற்றச் சனமும்."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று நிறுத்தினால் கதை பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஏதோ முடிவெடுத்துவிட்டார்.

ஒக்ரோபரில் அதே பேருந்து வந்தது. பிலோமினா அக்கா கடைசியாக இறங்கினார். கோட்டுக்குள்ளே, வயிற்றோடு அணைத்து ஒரு பை. பக்கத்தில் ஒரு பெண். கட்டையாய் வெட்டிய தலைமயிர், ஜீன்ஸ், காதில் பாட்டுக் கேட்கும் கருவி. மகள் டிலானி.

"பிள்ளை, கொண்டந்திட்டன்," என்றார் என்னிடம்.

"என்னத்தை அக்கா?"

பையைத் திறந்து காட்டினார். பட்டுச் சீலை. மாதாவின் நீலம், நாலு விரல் அகலத்தில் சரிகைக் கரை. புதுச் சீலையின் மணம் அந்த ஈரக் காற்றில் எழுந்தது.

"மாதாவுக்குச் சாத்தவேணும்."

நான் டிலானியைப் பார்த்தேன். அவள் காதிலிருந்ததைக் கழற்றினாள். "நான்தான் அக்கா அந்த நேர்த்தி," என்றாள்.

கதையை இருவரும் மாறிமாறிச் சொன்னார்கள். தாயும் தகப்பனும் முதலில் வந்துவிட்டார்கள். பிள்ளை மன்னாரில் சித்தியோடு நின்றது. பிறகு, ஆட்களைக் களவாய் எல்லை தாண்டிக் கொண்டுவரும் ஏஜென்சி மூலம் கூப்பிட்டார்கள். கொண்டெய்னர் லொறிக்குள் ஒளித்து வந்த வழியில் எங்கோ பிள்ளை அகப்பட்டுப்போனது. எந்த நாடு என்றும் தெரியாது, ரெலிபோனும் இல்லை. அப்போதுதான் பிலோமினா அக்கா மன்னார்ப் பக்கத்து மடுக் கோயில் மாதாவை நோக்கி நேர்ந்துகொண்டார்: என்ரை பிள்ளை கால் வைச்சு வந்தால் உமக்குச் சீலை சாத்துவன். பிள்ளை வந்தது. ஆனால் மடுவுக்குப் போக ஏலாது, அங்கே சண்டை. இங்கே சனம் யாத்திரை போகிற கெவலாரில் மாதா கண்ணாடிக்குள்ளே ஒரு சிறிய படம்.

"படத்துக்குச் சீலை சாத்துறது எப்பிடி, சொல்லு பாப்பம்," என்றார் பிலோமினா அக்கா.

அப்படியே இரண்டு வருடம் நேர்த்தி தீராமல் நின்றது. அந்த இரண்டு வருடமும் மகளை அவர் வெளியூரில் ஓர் இரவு தங்க விடவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு விடவில்லை, பாரிஸ் மாமி வீட்டுக்கு விடவில்லை. இப்போது டிலானிக்குத் தூரத்து ஊரான எர்லாங்கனில் தாதிக்குப் படிக்க அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி இடம், கிடைத்திருந்தது. தங்குமிடமும் அவர்களே கொடுக்கிறார்கள். இரண்டு நாளில், திங்கட்கிழமை, அங்கே நிற்கவேண்டும். தகப்பன் ஓம் என்றுவிட்டார். தாய் இன்னும் சொல்லவில்லை.

"கடன் தீராமல் இன்னொரு பயணம் விடமாட்டன்," என்றார். "ஒருக்கால் அவ காப்பாத்தித் தந்திட்டா. திரும்பவும் என்னெண்டு கேக்கிறது?"

"அம்மா, எர்லாங்கனுக்கு ரயில் போகுது. கொண்டெய்னர் இல்லை," என்றாள் டிலானி. பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு வருசமாச் சொல்லுறன் அக்கா. மாதாவுக்கு அவசரமில்லை. எனக்குத்தான் அவசரம்," என்றாள்.

எனக்குப் பதில் தெரியும். அந்த உடுப்புகள் அருங்காட்சியகப் பொருள்கள் மாதிரி. ஒரு நூல் மாற்றுவதற்கே பெரிய இடத்தில் கேட்கவேண்டும். தெரு வழியே வருகிறவர் கொண்டுவரும் சீலையைச் சாத்தமாட்டார்கள். அதை அந்த முற்றத்திலேயே சொல்லிவிட்டு, வாருங்கள் நகரமண்டபத்தைப் பார்ப்போம் என்று நடந்திருக்கலாம். நான் சொல்லவில்லை. பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். அந்த மறுப்பு என்னுடையது அல்ல. அதைச் சொல்லும் உரிமை உள்ளவர் உள்ளே இருக்கிறார். இந்த நாட்டில் எங்கள் சனத்துக்கு, அதிகாரிகள் மறுப்பதற்கு முன்பே தங்கள் வாயால் 'ஏலாது' என்று சொல்லிப் பழகிப்போன ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் அந்த வரிசையில் போய் நிற்காதீர்கள்.

மற்றவர்களைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டேன். சவிரி அண்ணை என்னை ஒதுக்கமாய்க் கூப்பிட்டார்.

"தங்கச்சி, மினக்கெடாதை. சீலையை வாங்கி வை. உள்ளுக்குப் போய் வா. குடுத்தாச்சு எண்டு சொல்லு. நானும் கண்டன் எண்டு சொல்லுறன்."

"அவ அடுத்த வருசம் வந்து பாப்பா அண்ணை."

"பாத்தால், தோய்க்கப் போட்டிருக்கு எண்டு சொல்லு."

"ஒவ்வொரு வருசமுமோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ராசாக்களின்ரை கோயில். அழுக்கு உடுப்பு கனக்க இருக்கும்."

சிரித்துக்கொண்டே அவரையும் இனிப்பு ரொட்டி வாங்க அனுப்பினேன். நல்ல மனிதர். பொய்கூட ஒருவருக்கு நன்மை செய்யவேண்டும் என்றுதான் வந்தது. ஆனால் எனக்கு அந்த ஊரில் இருந்த சொத்து ஒன்றுதான். நான் சொன்னால் அது அப்படித்தான் இருக்கும் என்று அந்தப் பேருந்து நம்பியது. அதைச் செலவழித்துவிட்டால் பிறகு குடையை மட்டும் தூக்கிக்கொண்டு திரியவேண்டியதுதான்.

பக்கக் கதவில் போய் மணியை அழுத்தினேன். விசாரித்து விசாரித்து, கடைசியில் ஒரு சிறிய அறை. நீளமான மேசை, ஜன்னலோரம் ஒரு விளக்கு, சுவரோடு இழுப்பறைகள். துணிகளுக்குப் பொறுப்பான கன்னியாஸ்திரி அங்கே இருந்தார். வயதானவர், நிமிர்ந்த முதுகு, மார்பில் சிலுவைக்குப் பக்கத்தில் குத்திவைத்த இரண்டு ஊசிகள். மாலைச் செபத்துக்கு மணியடிக்கும் வரையில்தான் நேரம் என்றார்.

பிலோமினா அக்கா வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டார். கன்னியாஸ்திரி அந்தக் காலுறைகளைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தியை, மடுவை, இரண்டு வருடத்தை, எர்லாங்கனை. பெரிய சொற்கள் போடவில்லை. எங்கள் ஊரில் மாதாவுக்குச் சீலை சாத்துவது எப்படியென்றும் சொன்னேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு டொச்சில், அவசரமில்லாமல், என்னைப் பார்க்காமல் பிலோமினா அக்காவைப் பார்த்தே பேசினார். "இதை எங்கள் அன்னைக்கு உடுத்த முடியாது. எந்த ஆடை ஏறும், எந்த ஆடை ஏறாது என்பதை நான் தீர்மானிப்பதில்லை. புது ஆடை என்றால் குருக்கள் கூடி முடிவு செய்யவேண்டும்; அதற்கு நீண்ட காலம் ஆகும், கூடாது என்றும் பதில் வரலாம். வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாங்கினால் அது இந்த இழுப்பறைகளில் ஒன்றில் கிடக்கும். உங்களிடம் நன்றி சொல்லி வாங்கிப் பூட்டிவைப்பது எனக்கு எளிது. உங்களுக்கு அது நியாயமில்லை."

நான் வாய்திறக்குமுன் டிலானி என் கையைப் பிடித்தாள். அவளுக்கு டொச் விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்து டொச், என்னுடையதைவிட நல்ல டொச். சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உதடு அதிகம் அசையாமல், கீழ்க் குரலில் சொன்னாள். "அக்கா, ஓம் எண்டு சொல்லுங்கோ. வாங்கி வைக்கினமாம், பேந்து சாத்துவினமாம் எண்டு சொல்லுங்கோ. திங்கக்கிழமை நான் போகவேணும். போகாட்டி அந்த இடத்தை வேறை ஆருக்கும் குடுத்திடுவினம்."

தாய்க்குக் கேட்காத தூரம். தாயும் கன்னியாஸ்திரியும் என்னைப் பார்க்கிறார்கள். மகளின் விரல்கள் என் மணிக்கட்டில்.

இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். தேவாலயத்தில்தான் வரவேண்டும் என்றில்லை. வைத்தியரின் அறையில் வரும், அலுவலகத்துக் கண்ணாடிக்கு முன்னால் வரும். இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கிறவரின் கையில் சட்டென்று ஒருவரின் வாழ்க்கை வந்து விழும். ஒரே ஒரு சொல்லை மாற்றினால் எல்லோரும் சந்தோஷமாய் வீட்டுக்குப் போவார்கள் போல இருக்கும். அன்றைக்கு நான் நினைத்தது இதைத்தான்: இந்தப் பெண் எர்லாங்கனில் என்றைக்காவது சைக்கிளில் இருந்து விழுவாள். காய்ச்சல் வரும். பரீட்சையில் தவறுவாள். மனிதர்களுக்கு இதெல்லாம் வரும். அன்றைக்குத் தாய் இந்தச் சீலையைத்தான் நினைப்பார். அது சாத்தப்படாத சீலை என்று எங்கிருந்தாவது தெரியவந்தால், அந்தக் காய்ச்சலுக்குக் காரணமாய் மகளே நிற்பாள், கூட நானும்.

டிலானியின் கையை விடுவித்தேன். கன்னியாஸ்திரி சொன்னதை, இழுப்பறை உட்பட, ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

பிலோமினா அக்கா தலையாட்டினார். சீலையை மேசையில் வைத்து, முன்பிருந்த மடிப்பிலேயே மடித்தார். "சரி. அவ நேர்மையான மனிசி. பிழையில்லை." பிறகு மகளிடம், "அந்த ஊருக்கு ரெலிபோன் எடுத்து, வரேல்லை எண்டு சொல்லு," என்றார்.

"நான் சொல்லமாட்டன்."

"அப்ப நான் சொல்லுறன்."

"என்ன பாசையிலை சொல்லுவியள்?"

"வரேல்லை எண்டு சொல்ல என்ன பாசை வேணும். எடுத்து, பேசாமல் வைக்கிறன்."

டிலானி சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவளின் தோள் அசைவதை நான் பார்த்தேன், தாயும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சீலையைப் பைக்குள் வைக்கத் தொடங்கினார்.

மன்றாடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஒருமுறை மட்டும், ஒரு நிமிடம் மட்டும், தோளில் போட்டு எடுங்கள் என்று. மன்றாடினால் ஒரு காவல்காரர் இன்னும் இறுக்கமாய்ப் பூட்டுவார். அது அவருடைய கடமை. அனுமதி கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. இனி அனுமதியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறையில் இருந்தவர் வெறும் காவல்காரர் அல்ல. மார்பில் ஊசி குத்தியிருந்தார். நான் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"சிஸ்டர், இந்த ஆடைகள் எதனால் பழுதாகின்றன?"

அவர் முகம் மாறியது. இருபது வருடமாய் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார். "பாரம்," என்றார். "வெளியே இருக்கிற பொன்னும் முத்தும் பாரம். பட்டு அதைத் தாங்காது, கிழியும். மெழுகுதிரிப் புகை வேறு." எழுந்து ஓர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ராணியின் ஆடை இல்லை. வெள்ளையாய், எளிமையாய், முழங்கையளவு நீளத்தில் ஒரு துணி. பல இடத்தில் தைத்துத் தைத்து நூலே துணியாகியிருந்தது. "இது உள்ளங்கி. எல்லா ஆடைக்கும் கீழே இதுதான். ஆடை மரத்தில் உரசாமல் இது தாங்கிக்கொள்ளும். இந்தக் குளிர்காலத்தில் புதிது தைக்கவேண்டும்."

"அதற்கும் குருக்கள் கூடவேண்டுமா?"

"உள்ளங்கிக்கா?" என்றார் கன்னியாஸ்திரி. "அது என் வேலை. அதை யாரும் கேட்டதேயில்லை."

டிலானி திரும்பிவிட்டாள். கன்னியாஸ்திரியின் கண் பையின் மேலே போயிற்று. கையை நீட்டினார். பிலோமினா அக்காவுக்கு நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. சீலையை எடுத்துக் கொடுத்தார். கன்னியாஸ்திரி கரையை விலக்கி, உடலின் நீலத்தை இரண்டு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கசக்கினார், விட்டார், மடிப்பு விழுகிறதா என்று விளக்கில் பிடித்தார்.

"சரிகை உதவாது, உரசும். இந்த நடுத் துணி நல்லது. ஒரு கை நீளம் போதும்." இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தார். "சாத்துவது என்று இதைச் சொல்ல முடியாது. வெளியே தெரியாது. நீங்கள் வந்து பார்த்தாலும் தெரியாது. தைப்பேன் என்று மட்டும் சொல்கிறேன்."

சொன்னேன். எல்லாவற்றையும், தெரியாது என்பதையும்.

பிலோமினா அக்கா கத்தரிக்கோலைப் பார்த்து ஓரடி பின்னால் போனார். "நேர்ந்த சீலையிலை கத்தரி வைக்கிறதோ? முழுச்சீலையாத்தானே நேர்ந்தனான்."

மணி எந்த நேரமும் அடிக்கலாம். இந்த இடத்தில் நான் பேசியிருந்தால் கெடுத்திருப்பேன். கேள்வி அவருக்கும் மாதாவுக்கும் இடையில்.

பேசியது டிலானி. "அம்மா. முழுசாக் குடுத்தா அது பெட்டிக்கைதான் கிடக்கும். பெட்டிக்கை வைச்சிருக்கவோ நேர்ந்தனியள்?"

தாய் மகளைப் பார்த்தார். ஜீன்ஸை, வெட்டிய தலைமயிரை, சிவந்த கண்ணை.

பிறகு என்னிடம் திரும்பினார். "பிள்ளை, சிஸ்டரிட்டை ஒண்டு கேள். அந்த ராசாத்தியள் குடுத்த உடுப்பெல்லாம் வெளியிலை. இது உள்ளுக்கு. அப்ப மாதாவின்ரை மேலிலை படுறது எது?"

கேட்டேன். கன்னியாஸ்திரி தைத்துத் தைத்துத் தேய்ந்த அந்தப் பழைய உள்ளங்கியைக் கையில் எடுத்துத் தடவினார். "உங்களுடையதுதான்," என்றார். "அது மட்டும்தான்."

அதைத் தமிழில் சொன்னேன்.

பிலோமினா அக்கா சிலுவை அடையாளம் போட்டார். சீலையை உதறி விரித்தார். அந்தச் சிறிய அறையில் நீலம் மேசையைத் தாண்டி வழிந்தது. ஒரு தலைப்பை மகளிடம் கொடுத்தார். "இழுத்துப் பிடி. கோணாமல் பிடி." டிலானி பிடித்தாள். கன்னியாஸ்திரி நடுத் துணியில் அளவுக்கு இரண்டு ஊசிகளைக் குத்திக் காட்டிவிட்டுக் கத்தரிக்கோலைத் தாயிடம் கொடுத்தார். பட்டு வெட்டுப்படும்போது ஒரு சத்தம் வரும், மூச்சை உள்ளே இழுப்பதுபோல. அந்தச் சத்தம் அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. அது முடியவும் மணி அடித்தது.

கன்னியாஸ்திரி துண்டை மடித்து வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் வைத்து, இழுப்பறையை மூடாமல் விட்டு, செபத்துக்குப் போனார்.

அவர் தைத்தாரா என்று நான் பிறகு போய்க் கேட்கவில்லை. அந்தப் பேருந்தில் வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. வழிகாட்டிக்கு எல்லாவற்றையும் சரிபார்க்கிற பழக்கம் வேண்டும்; நிறுத்துகிற இடமும் தெரியவேண்டும். என் கதையை அதற்குப் பிறகும் அந்த முற்றத்தில் பல வருடம் சொன்னேன். முத்துக் கோத்த ஆடையைச் சொல்வேன், கிரீடத்தைச் சொல்வேன். அதற்குக் கீழே ஓர் உள்ளங்கி உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டேன். யாருடையது என்று சொன்னதில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அன்றைக்கு நாங்கள் வெளியே வந்தபோது நூல் மழை தொடங்கியிருந்தது. தூரத்தில் சவிரி அண்ணை பேருந்துப் படியில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். பிலோமினா அக்கா சப்பாத்தின் கயிற்றைக் கட்டி நிமிர்ந்தார். மிச்சச் சீலை இரண்டு துண்டாய்ப் பைக்குள்ளே இருந்தது. அதை மகளின் கையில் கொடுத்தார். அவள் வாங்கித் தோளில் மாட்டினாள். கொஞ்ச தூரம் இருவரும் நடந்தார்கள். நான் குடையோடு பின்னால்.

"திங்கக்கிழமை உன்ரை ரயில் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார் தாய்.

டிலானி நின்றுவிட்டாள். "விடியவெள்ளன."

"அப்ப நாளைக்கே புட்டு அவிக்கவேணும்."

"அம்மா, எர்லாங்கனிலை சாப்பாடு இருக்கு."

"ஆர் இல்லையெண்டது," என்றார் பிலோமினா அக்கா. "கெதியா நட. நனையாதை."